காய்ச்சல் இறங்கிய நாள்: டிங்கி ரிப்போர்ட்டில் உள்ள சொற்களைப் படிப்போம்



நம் வீடுகளில் தாத்தாவுக்கோ பாட்டிக்கோ காய்ச்சல் வந்தால் கிளினிக்குக்குத் துணைக்குப் போவது யார்? பெரும்பாலும் நாம்தான். அப்பா வேலையில் இருப்பார், இல்லையென்றால் பாலம் கடந்து சிங்கப்பூருக்குப் போயிருப்பார். அம்மாவுக்கு வீட்டில் ஆயிரம் வேலை. கார் லைசென்ஸ் எடுத்த கையோடு இந்தப் பொறுப்பும் நம் கைக்கு வந்துவிடுகிறது. டாக்டர் மலாயில் கேட்பார், ரிப்போர்ட் ஆங்கிலத்தில் இருக்கும், பாட்டி தமிழில் பதில் சொல்வார். நடுவில் நின்று இந்த மூன்றையும் இணைக்கிற ஆள் நாம்.

இந்த மாதப் பாடம் அந்த நடு ஆளுக்காக. கொசுவால் வரும் வைரஸ் காய்ச்சல்களைப் பற்றியும், அவற்றைப் பற்றிப் பேசும்போது மருத்துவர்கள் பயன்படுத்தும் சொற்களைப் பற்றியும் பார்ப்போம். நான் மருத்துவம் படிக்கிறவன் இல்லை, பொறியியல் மாணவன். அதனால் மருந்து சொல்ல வரவில்லை. சொல்லைச் சரியாகப் புரிந்துகொள்வது எப்படி என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அந்தச் சொல்லே சில சமயம் உயிர் விஷயமாகிவிடும் என்பதைப் பிறகு பார்க்கலாம்.

பெயரிலிருந்து தொடங்குவோம்

நாம் டிங்கி என்கிறோம். தமிழ்நாட்டுத் தொலைக்காட்சியில் டெங்கு என்கிறார்கள். சுகாதார அமைச்சின் பதாகையில் டெங்கி. மூன்றும் ஒரே நோய்தான். சுவாஹிலி மொழியில் இருந்த ஒரு பெயர் ஸ்பானிய மொழிக்குள் போய் உருமாறி இப்படி ஆனது என்பது பலர் ஏற்றுக்கொண்ட விளக்கம். ஆங்கிலத்தில் இதற்கு எலும்பை முறிக்கிற காய்ச்சல் என்று ஒரு பழைய பெயர் உண்டு. வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், பெயர் வைத்தவன் அனுபவித்துத்தான் வைத்திருக்கிறான் என்பார்கள்.

மலாயாவில் இந்த நோய் முதன்முதலாகப் பதிவானது 1902-இல், பினாங்கில். இரத்தக்கசிவோடு வரும் கடுமையான வடிவம் பதிவானது 1962-இல், அதுவும் பினாங்கில்தான். இன்று நாட்டில் டிங்கி இல்லாத மாநிலம் இல்லை. 2019-இல் மட்டும் 130,101 பேருக்கு வந்தது, 182 பேர் இறந்தார்கள். 2024-இல் 122,423 பேர், 117 இறப்பு. எண்ணிக்கையைப் பார்த்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கு மேல் பிழைத்துவிடுகிறார்கள். பிழைக்காமல் போகிறவர்களில் பலர் தாமதமாக வந்தவர்கள். ஏன் தாமதம் என்பதுதான் இந்தக் கட்டுரையின் மையம்.

இன்னொரு பெயர் சிக்குன்குனியா. இது நம் ஜொகூருக்கு நன்றாகத் தெரிந்த பெயர். 1998 கடைசியில் கிள்ளான் துறைமுகப் பகுதியிலும் 2006-இல் பேராக்கின் பாகான் பஞ்சோரிலும் சிறிய அளவில் வந்து அடங்கிய இந்த நோய், 2008-இல் ஜொகூரில் தொடங்கி நாடு முழுவதும் பரவியது. பாதிக்கப்பட்டவர்கள் பத்தாயிரத்தைத் தாண்டினார்கள். முதல் இரண்டும் ஆசிய வகை வைரஸ். ஜொகூரில் வந்தது ஆப்பிரிக்க வகை. அதன் புரதத்தில் ஒரே ஒரு இடத்தில் நடந்த மாற்றத்தால் ஏடிஸ் அல்போபிக்டஸ் என்ற கொசுவின் உடலில் அது சுலபமாக வளர்ந்தது. தோட்டம், புதர், மரப்பொந்து, ரப்பர்க் கோப்பை இதெல்லாம் அந்தக் கொசுவின் ராஜ்யம். ஆகவே தோட்டப்புறத்து மக்கள் நிறைய பேர் மாட்டிக்கொண்டார்கள். தோட்டத்தில் இருந்த பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். மாதக்கணக்கில் காலை எழுந்ததும் கை விரலை மடக்க முடியாமல் இருந்த கதை சொல்வார்கள்.

சிக்குன்குனியா என்பது தான்சானியாவின் மக்கொண்டே மக்களுடைய சொல். மூட்டு வலியில் உடம்பு வளைந்து குறுகிப்போவதை அது குறிக்கிறது. 1952-53-இல் அங்கே இந்த நோய் பரவியபோது அவர்கள் சொன்ன சொல்லையே மருத்துவ உலகம் எடுத்துக்கொண்டது. ஆனால் நம் ஆட்கள் காதில் அது சிக்கன் குனியா என்று விழுந்தது. தமிழில் குனிந்து நடப்பதற்கும் பொருத்தமாகத்தான் இருக்கிறது, அதை விடுங்கள். சிக்கன் என்ற சொல் உள்ளே புகுந்ததும் கோழிதான் காரணம் என்று கோழி சாப்பிடுவதை நிறுத்தியவர்கள் உண்டு. கோழிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஒரு சொல்லைத் தவறாகக் கேட்டால் தவறான இடத்தில் காவல் வைப்போம். வாசலில் டயருக்குள் தண்ணீர் அப்படியே நிற்கும், கோழிக்கறி மட்டும் வீட்டுக்குள் வராது.

மூன்றாவது ஸிக்கா. உகாண்டாவில் உள்ள ஒரு காட்டின் பெயர் அது, 1947-இல் அங்கே ஒரு குரங்கிடம் கண்டுபிடித்தார்கள். 1966-இலேயே பகாங்கின் பெந்தோங்கில் பிடித்த ஏடிஸ் கொசுவில் இந்த வைரஸ் இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. ஐம்பது ஆண்டு கழித்து 2016-இல் மலேசியாவில் மனிதர்களிடம் உறுதியானபோது ஜொகூர் பாருவில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணும் அதில் இருந்தார். பெரியவர்களுக்கு லேசான காய்ச்சல்தான். ஆனால் வயிற்றில் இருக்கும் குழந்தையின் தலை சிறுத்துப் பிறக்கக்கூடும் என்பதால் உலகமே பயந்தது.

மலேரியாவை இந்தப் பட்டியலில் சேர்க்கக் கூடாது. அதுவும் கொசுவால்தான் வருகிறது, ஆனால் அது வைரஸ் இல்லை, ஓர் ஒட்டுண்ணி. கொசுவும் வேறு, அனோபிலிஸ். யானைக்கால் நோய் புழுவால் வருவது. கொசு ஒரு லாரி மாதிரி. எந்தச் சரக்கை ஏற்றி வருகிறது என்பதைப் பொறுத்துத்தான் நோய். அந்த லாரிக்கு மருத்துவத்தில் வெக்டர் என்று பெயர், தமிழில் நோய்க்கடத்தி. பொறியியல் கணிதத்தில் படிக்கிற வெக்டரும் இதுவும் ஒரே இலத்தீன் வேர், சுமந்து செல்வது என்று பொருள். முதலாமாண்டில் தெரிந்திருந்தால் அந்தப் பாடத்தை இன்னும் கொஞ்சம் மதித்திருப்பேன்.

நீளமான சொல்லை உடைத்துப் படிப்பது

நம் தமிழ் இலக்கணத்தில் பகுபத உறுப்பிலக்கணம் படித்தோமே, பகுதி, விகுதி, இடைநிலை என்று. மருத்துவச் சொற்களையும் அப்படியே உடைக்கலாம். பெரும்பாலும் கிரேக்க, இலத்தீன் துண்டுகள்தான்.

துரோம்போசைட்டோபீனியா. கேட்டாலே பயமாக இருக்கிறது. துரோம்போ என்றால் உறைதல், சைட்டோ என்றால் செல், பீனியா என்றால் பற்றாக்குறை. இரத்தம் உறைய உதவும் செல் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். நாம் சொல்கிற பிளேட்லெட் குறைவு. அதே பீனியாவை லூக்கோ என்பதோடு சேர்த்தால் லூக்கோபீனியா, வெள்ளணு குறைவு. டிங்கியில் முதலில் இறங்குவது பெரும்பாலும் இதுதான்.

ஆல்ஜியா என்று முடிந்தால் வலி. மயால்ஜியா தசைவலி, ஆர்த்ரால்ஜியா மூட்டுவலி. ஐட்டிஸ் என்று முடிந்தால் அழற்சி, ஆர்த்ரைட்டிஸ் மூட்டழற்சி, என்செபலைட்டிஸ் மூளையழற்சி. ஈமியா என்று முடிந்தால் இரத்தத்தில் இருப்பது. வைரீமியா என்றால் இரத்தத்தில் வைரஸ் ஓடிக்கொண்டிருக்கும் நிலை. அந்த நேரத்தில் கடிக்கிற கொசு வைரஸை உறிஞ்சிக்கொள்ளும், எட்டு முதல் பன்னிரண்டு நாள் கழித்து அடுத்தவரைக் கடித்துக் கொடுத்துவிடும். வீட்டில் ஒருவர் டிங்கியில் படுத்திருந்தால் அவருக்குப் பகலிலும் கொசுவலை கட்டச் சொல்வது இதனால்தான். ஏடிஸ் பகல் கொசு. காலையிலும் அந்தி சாய்வதற்கு முன்பும் அதிகம் கடிக்கும்.

ரெட்ரோ ஆர்பிட்டல் பெயின் என்று எழுதியிருப்பார்கள். கண் குழிக்குப் பின்னால் வலி. பாட்டி சொன்னாரே, கண்ணுக்குப் பின்னாடி யாரோ குத்துற மாதிரி இருக்குன்னு, அதேதான். பாட்டி சொன்னதுதான் அழகாக இருக்கிறது.

பாட்டியின் தமிழும் டாக்டரின் கேள்வியும்

எனக்கு இதுதான் முக்கியமான பகுதி. புத்தகச் சொல்லை இணையத்தில் தேடிக்கொள்ளலாம். நம் வீட்டுப் பேச்சை மலாய்க்கோ ஆங்கிலத்துக்கோ மாற்றும்போது நடக்கிற விபத்தை யாரும் எழுதி வைக்கவில்லை.

மயக்கமா வருது என்கிறார் பாட்டி. தமிழில் இதற்கு மூன்று பொருள் உண்டு. தலை சுற்றுகிறது, கண் இருட்டிக்கொண்டு வருகிறது, நினைவு தப்பிவிட்டது. அவசரத்தில் பேரன் பெங்சான் என்று சொல்லிவிட்டால் டாக்டர் பாட்டி மயங்கி விழுந்துவிட்டார் என்று நினைப்பார். இல்லை, பெனிங் என்று சொல்லிவிட்டால் வெறும் தலைசுற்றல் ஆகிவிடும். முதலில் பாட்டியிடம் திருப்பிக் கேட்க வேண்டும். “எந்திரிச்சு நிக்கிறப்போ மட்டும் வருதா, படுத்திருக்கும்போதும் வருதா? கீழே விழுந்தீங்களா?” எழுந்து நிற்கும்போது கண் இருட்டுகிறது என்றால் இரத்த அழுத்தம் விழுகிறதோ என்று டாக்டர் பார்ப்பார்.

அசதியா இருக்கு என்பது அடுத்தது. பெனாட் என்று மொழிபெயர்த்தால் களைப்பு. காய்ச்சலில் யாருக்குத்தான் களைப்பில்லை? ஆனால் டிங்கியில் டாக்டர் தேடுவது லெத்தார்ஜி. கூப்பிட்டால் மெதுவாகத்தான் திரும்புகிறார், சாப்பாட்டைக் கண்டுகொள்ளவில்லை, வழக்கமாகப் பார்க்கிற சீரியலைக்கூடப் பார்க்கவில்லை என்கிற அளவுக்கான சோர்வு. அது ஓர் எச்சரிக்கை அறிகுறி. இதைச் சொல்ல மருத்துவச் சொல் தேவையில்லை. “பாட்டி தினமும் ஆறு மணிக்கு விளக்கேத்துவாங்க, நேத்து எந்திரிக்கவே இல்ல டாக்டர்” என்றால் போதும், எந்த மொழியிலும் புரியும்.

கை கால் சில்லுன்னு இருக்கு. இதை நம் வீட்டில் நல்ல செய்தியாக எடுத்துக்கொள்வார்கள், சூடு இறங்கிடுச்சாம். கவனம். உடம்புக்குள் திரவம் குறைந்து, இதயமும் மூளையும் பிழைக்க வேண்டும் என்று உடம்பு கை கால்களுக்குப் போகும் இரத்தத்தைக் குறைத்தால்கூட கை கால் சில்லிடும். இது அதிர்ச்சி நிலையின் தொடக்கமாக இருக்கலாம். கட்டாயம் சொல்ல வேண்டிய விஷயம்.

அப்புறம் சிறுநீர். கடைசியாக எப்போது போனார், எத்தனை தடவை போனார் என்று டாக்டர் கேட்பார். பேரன் முன்னால் பாட்டிக்கு வெட்கம். ஏதோ போனேன்பா என்பார். உடம்பில் திரவம் போதுமான அளவு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வீட்டில் இருக்கிற ஒரே மீட்டர் அதுதான். பேத்தியோ அத்தையோ கேட்டு எழுதி வைத்துக்கொள்வது நல்லது. கல்லீரல் வீங்கினால் வரும் மேல்வயிற்று வலியை வாயு, புளிச்ச ஏப்பம் என்று தள்ளிவிடுவதும் நம் வழக்கம். எந்த இடம் என்று கையை வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமான மொழிபெயர்ப்பு ஒரு சொல் இல்லை, ஓர் எண். காய்ச்சல் தொடங்கி இது எத்தனையாவது நாள்? ரெண்டு மூணு நாளா என்பது பதில் இல்லை. தேதி வேண்டும். முடிந்தால் காலையா இரவா என்றும் வேண்டும். ஏன் என்று இனிப் பார்ப்போம்.

ரிப்போர்ட்டைக் கையில் எடுத்தால்

என்எஸ்1 என்பது வைரஸே உற்பத்தி செய்யும் ஒரு புரதம். காய்ச்சலின் முதல் சில நாட்களில் இரத்தத்தில் தெரியும், பிறகு மறையும். ஐஜிஎம் நம் உடம்பு தயாரிக்கும் எதிர்ப்பொருள். ஐந்தாம் நாள் வாக்கில்தான் பலருக்குத் தெரிய ஆரம்பிக்கும். ஆகவே இரண்டாம் நாள் எடுத்த ஐஜிஎம் நெகட்டிவ் என்றால் டிங்கி இல்லை என்று அர்த்தமில்லை, இன்னும் அது வரும் நேரம் ஆகவில்லை. ஆறாம் நாள் எடுத்த என்எஸ்1 நெகட்டிவும் அப்படித்தான், அது கிளம்பிப் போயிருக்கலாம். நாள் தெரியாமல் இந்த இரண்டையும் படிக்க முடியாது.

ஐஜிஜி சீக்கிரமே பாசிட்டிவ் வந்தால் முன்பே ஒரு தடவை டிங்கி வந்திருக்கலாம். டிங்கி வைரஸில் நான்கு வகை உண்டு. ஒரு வகை வந்தால் அதற்கு மட்டும் வாழ்நாள் பாதுகாப்பு. இரண்டாவது தடவை வேறு வகை வந்தால் பழைய எதிர்ப்பொருள் அதை அழிக்காமல் ஒட்டிக்கொண்டு, செல்லுக்குள் போக அதற்கு வழிகாட்டிவிடும். அதனால்தான் இரண்டாவது டிங்கி முதலாவதைவிட ஆபத்தாக முடிய வாய்ப்பு அதிகம். எனக்கு ஒரு தடவை வந்துடுச்சு, இனி வராது என்று சொல்கிற மாமா எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் இருக்கிறார். அவரிடம் இதைச் சொல்லுங்கள்.

பிளேட்லெட் எண்ணிக்கை ரிப்போர்ட்டில் 150 என்று இருந்தால் ஒன்றரை இலட்சம் என்று பொருள். 62 என்றால் அறுபத்திரண்டாயிரம். வீட்டில் எல்லோரும் இந்த ஓர் எண்ணைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். வாட்ஸ்ஆப்பில் காலையில் 80, மாலையில் 65 என்று கிரிக்கெட் ஸ்கோர் போல ஓடும். பப்பாளி இலைச் சாறும் நண்டு சூப்பும் வந்து சேரும். பப்பாளி இலைச் சாறு பிளேட்லெட்டை சீக்கிரம் ஏற்றியது என்று 2013-இல் வெளியான ஒரு மலேசிய ஆய்வு சொன்னது உண்மைதான். ஆனால் டிங்கியில் ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் பிளேட்லெட் இல்லை.

பிறகு எது? பிளாஸ்மா லீக்கேஜ். இரத்தக்குழாயின் சுவர் சில மணி நேரத்துக்குச் சல்லடை மாதிரி ஆகி, இரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே கசிந்துவிடுகிறது. ஒரு சொட்டு இரத்தம் வெளியே தெரியாது. நுரையீரலைச் சுற்றியும் வயிற்றுக்குள்ளும் அது போய்த் தேங்கும். இதைக் காட்டிக்கொடுக்கிற எண் ஹீமட்டோகிரிட், ரிப்போர்ட்டில் எச்சிடி என்று இருக்கும். இரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை விழுக்காடு இடம் பிடித்திருக்கின்றன என்பதே அது.

இங்கே நம்ம கணக்கு கொஞ்சம் போடலாம். ஒருவருக்கு ஐந்து லிட்டர் இரத்தம், எச்சிடி 40 என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் சிவப்பணு இரண்டு லிட்டர், மீதி மூன்று லிட்டர் ஏறத்தாழ பிளாஸ்மா. பிளாஸ்மா கசிகிறது, சிவப்பணு கசியவில்லை. மறுநாள் எச்சிடி 48. இப்போது அந்த இரண்டு லிட்டர்தான் மொத்தத்தில் 48 விழுக்காடு. இரண்டை 0.48-ஆல் வகுத்தால் 4.17. ஐந்து லிட்டர் 4.17 லிட்டர் ஆகிவிட்டது. ஏறத்தாழ 830 மில்லிலிட்டர் காணாமல் போயிருக்கிறது. பெரிய மினரல் வாட்டர் போத்தலில் பாதிக்கும் மேல். இடையில் குடித்தது, டிரிப் ஏற்றியது எல்லாம் சேர்த்தால் கணக்கு இத்தனை சுலபமாக இருக்காது. ஆனால் 40-லிருந்து 48 என்றால் வெறும் எட்டுத்தானே என்று சொல்ல முடியாது என்பது புரிகிறதல்லவா? அடிப்படை அளவிலிருந்து இருபது விழுக்காடு உயர்வு அது. மருத்துவர்கள் கவலையோடு பார்க்கிற அளவு.

பிளேட்லெட் வேகமாக இறங்கும்போது எச்சிடி ஏறினால், அந்த இரண்டும் சேர்ந்து ஓர் எச்சரிக்கை. அடுத்த தடவை வாட்ஸ்ஆப்பில் ஸ்கோர் போடும்போது இரண்டு எண்ணையும் போடுங்கள்.

காய்ச்சல் இறங்கிய நாள்

இந்தக் கசிவு எப்போது நடக்கிறது? காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். இல்லை. இரண்டு முதல் ஏழு நாள் வரை காய்ச்சல் இருக்கும். அது இறங்குகிற நேரத்தில், பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், கிரிட்டிக்கல் பேஸ் தொடங்குகிறது. நெருக்கடிக் கட்டம். 24 முதல் 48 மணி நேரம். அதைத் தாண்டினால் உடம்பு கசிந்த நீரைத் திரும்ப உறிஞ்சிக்கொண்டு தேறிவிடும்.

இதில்தான் நம் வீட்டு வழக்கமும் நோயும் நேருக்கு நேர் மோதுகின்றன. நமக்குக் காய்ச்சல் இறங்குவது என்றால் குணமாவது. பரம்பரையாக அப்படித்தான். சூடு விட்டாச்சு, குளிக்க வார்த்து, ரசம் சாதம் கொடுத்து, நாளைக்கு வேலைக்குப் போகலாம். டிங்கியில் அந்த நாள்தான் ஆஸ்பத்திரிக்கு மிக அருகில் இருக்க வேண்டிய நாள். என் அத்தைக்கு ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. மாமா கோயிலுக்கு நேர்த்திக்கடன் கட்டக் கிளம்பிவிட்டார். அத்தை மட்டும் சோபாவில் சாய்ந்து, வயிறு ஒரு மாதிரியா இருக்குடா என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் மகள் ஃபார்மசி படிக்கிறவள், பிடிவாதமாகக் காரில் ஏற்றினாள். அன்று இரவே டிரிப் ஏற்றி, மணிக்கொரு தடவை பிரஷர் பார்த்தார்கள். நான்கு நாளில் வீடு திரும்பினார். நேர்த்திக்கடனை அப்புறம் சேர்ந்தே போய்க் கட்டினார்கள்.

மருத்துவ உலகமும் ஒரு சொல்லால் இப்படித் தடுமாறியிருக்கிறது. முன்பு கடுமையான வடிவத்துக்கு இரத்தக்கசிவு டிங்கி என்று பெயர். மலாயில் இன்றும் டெமாம் டெங்கி பெர்டாரா என்பார்கள். பெயரில் இரத்தம் இருப்பதால் எல்லோரும் இரத்தத்தைத் தேடினார்கள். மூக்கில் வரலியே, ஈறில் வரலியே, அப்போ பரவாயில்லை. ஆனால் ஒரு துளி இரத்தம் சிந்தாமலே பிளாஸ்மா கசிந்து இறந்தவர்கள் இருந்தார்கள். 2009-இல் உலக சுகாதார நிறுவனம் வகைப்பாட்டை மாற்றியது. எச்சரிக்கை அறிகுறி இல்லாத டிங்கி, எச்சரிக்கை அறிகுறி உள்ள டிங்கி, கடுமையான டிங்கி. அந்த அறிகுறிகள் இவை: வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், லெத்தார்ஜி அல்லது நிலைகொள்ளாத தவிப்பு, உடம்பில் நீர் தேங்குதல், கல்லீரல் வீக்கம், எச்சிடி ஏறி பிளேட்லெட் விழுதல். மலேசிய மருத்துவர்களின் வழிகாட்டியில் நிற்காத வயிற்றுப்போக்கும் சேர்ந்திருக்கிறது. இதில் ஒன்று தெரிந்தாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

மருந்துப் பெட்டியையும் ஒரு தடவை பாருங்கள். காய்ச்சலுக்குப் பாரசிட்டமோல் மட்டும், அதுவும் அளவோடு. வலிக்கு வைத்திருக்கும் போன்ஸ்டான், வோல்ட்டாரன், ஐபுபுரோபன், ஆஸ்பிரின் எதுவும் டிங்கி சந்தேகத்தில் வேண்டாம், இரத்தக்கசிவைத் தூண்டும். மூட்டுவலிக்கு வாங்கிய மாத்திரை பெரியவர்களின் தலையணைக்கு அடியில் இருக்கும். கேட்டு வாங்கி வையுங்கள்.

ஒரு தவறான பெயர், 1999

பெயர் முக்கியம் என்று நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு நம் பக்கத்து மாநிலத்தில் ஒரு சாட்சி இருக்கிறது. 1998 செப்டம்பர் வாக்கில் பேராக்கில் பன்றிப் பண்ணைகளைச் சுற்றி மூளையழற்சி பரவியது. சிலரின் இரத்தத்தில் ஜப்பானிய மூளையழற்சிக்கான சான்று தென்பட்டது. அது கொசுவால் வருவது, பன்றியிடம் பெருகுவது. பொருத்தமாக இருந்ததால் ஜேஇ என்று பெயர் வைத்துவிட்டார்கள். புகை அடித்தார்கள், ஜேஇ தடுப்பூசி போட்டார்கள். நோய் நிற்கவில்லை. நெகிரி செம்பிலானுக்கு இறங்கி, சுங்கை நிப்பா, புக்கிட் பெலாண்டோக் பகுதிகளில் ஆட்களை எடுத்தது.

கணக்கு ஒத்துவரவில்லை என்று கவனித்தவர்கள் இருந்தார்கள். ஜேஇ அதிகம் குழந்தைகளைத் தாக்கும், இங்கே பன்றிகளைத் தொட்டு வேலை செய்த பெரிய ஆண்கள் விழுந்தார்கள். தடுப்பூசி போட்டவர்களும் விழுந்தார்கள். கொசு மதம் பார்த்துக் கடிக்காது, ஆனால் அருகில் வாழ்ந்த மலாய்க்காரர்களுக்கு வரவில்லை. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் புதியதொரு வைரஸைப் பிரித்தெடுத்தார். அதற்கு நிப்பா என்று பெயர் வந்தது. பழந்தின்னி வௌவாலிடமிருந்து பன்றிக்கும், பன்றியிடமிருந்து நேரே மனிதனுக்கும் வந்த நோய். கொசுவுக்கு அதில் பங்கே இல்லை. மலேசியாவில் 265 பேருக்கு வந்து 105 பேர் இறந்தார்கள். பண்ணைகளில் கூலி வேலை செய்த நம்மவர்களும் அதில் உண்டு. பத்து இலட்சத்துக்கும் அதிகமான பன்றிகளை அழித்த பிறகே அடங்கியது. மாதக்கணக்கில் கொசுவைத் துரத்தியபோது அந்த வேலையாட்கள் கையுறைகூட இல்லாமல் பன்றியைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

நம் வாசலில்

டிங்கி என்று சந்தேகித்தால் மருத்துவர் 24 மணி நேரத்துக்குள் மாவட்ட சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், அது சட்டம். அதன் பிறகு வீட்டுக்கு ஆட்கள் வருவார்கள். புழு இருந்தால் 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 500 ரிங்கிட் அபராதம் விதிக்கலாம். இதற்குப் பயந்தே டிங்கி என்று எழுதாதீங்க டாக்டர் என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். புகை அடிப்பது பறக்கிற கொசுவைத்தான் கொல்லும். முட்டை அப்படியே இருக்கும், தண்ணீர் இல்லாமலே மாதக்கணக்கில் காத்திருக்கும், தண்ணீர் பட்டதும் ஒரு வாரம் பத்து நாளில் கொசு. அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, பாத்திரத்தின் உட்சுவரைத் தேய்க்கவும் வேண்டும்.

ரப்பர்க் கோப்பை, டயர் இதெல்லாம் எல்லோரும் சொல்வது. நம்முடைய பட்டியல் ஒன்று தனியாக இருக்கிறது. கார்த்திகை தீபத்துக்கு வேலியில் வைத்த அகல், நவம்பர் டிசம்பர் மழையில் நிறைந்து தைப்பூசம் வரை அங்கேயே இருக்கும். தைப்பூசத்தில் உடைத்த தேங்காய் மூடி கோயிலின் பின்புறம் மழையில் கிடக்கும். துளசிச் செடியின் அடித்தட்டு, சாமி மேடையில் மாற்றாத பூச்சாடித் தண்ணீர், பொங்கல் முடிந்து கவிழ்த்து வைக்காத மண்பானை. கோயில் கோத்தோங் ரோயோங்கில் லோங்காங்கைத் துப்புரவாக்குகிறோம், நல்ல காரியம்தான், ஆனால் ஏடிஸ் பொதுவாகச் சாக்கடையைவிடத் தெளிந்த தண்ணீரைத்தான் தேடும். அடுத்த தடவை இரண்டு பேரைக் கோயிலின் பின்பக்கத்துக்கும் கூரைத் தகரத்துக்கும் அனுப்புங்கள்.

வார வகுப்பில் செய்ய ஒரு பயிற்சி

அறுபத்தெட்டு வயதுப் பாட்டி. திங்கட்கிழமை இரவு காய்ச்சல் தொடங்கியது. புதன்கிழமை: என்எஸ்1 பாசிட்டிவ், ஐஜிஎம் நெகட்டிவ், பிளேட்லெட் 140, எச்சிடி 37. வெள்ளிக்கிழமை காலை: காய்ச்சல் இல்லை, பிளேட்லெட் 58, எச்சிடி 44. பாட்டி சொல்கிறார்: “சூடு விட்டுருச்சுப்பா, ரெண்டு தடவ வாந்தி, வயிறு ஒரு மாதிரி இருக்கு, கை கால் சில்லுன்னு இருக்கு. நாளைக்குக் கோயிலுக்குப் போவோம்.”

இருவர் இருவராகப் பிரிந்துகொள்ளுங்கள். ஒருவர் பாட்டி, ஒருவர் பேரன் அல்லது பேத்தி. எச்சிடி எத்தனை விழுக்காடு ஏறியிருக்கிறது என்று முதலில் கணக்கிடுங்கள். பிறகு பாட்டி சொன்னதில் உள்ள எச்சரிக்கை அறிகுறிகளை, மருத்துவச் சொல் ஒன்றுகூடப் பயன்படுத்தாமல், டாக்டரிடம் மலாயில் ஒரு நிமிடத்தில் சொல்லுங்கள். எத்தனையாவது நாள் என்பதை விட்டுவிட்டால் மறுபடி முதலிலிருந்து.